மேடை இசை நாடகத்தைத் திரைப்படமாக்குதல்: மும்பைத் தமிழ்க் குழுக்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

மாதுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, தாராவி என்று மும்பையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் தமிழில் நாடகம் போடுகிறவர்கள் பல தலைமுறைகளாக இருந்து வருகிறார்கள். பாட்டும் கூத்தும் கலந்த நாடகம் ஒன்றை நான்கைந்து தடவை மேடையேற்றி அரங்கு நிறைந்ததைக் கண்ட குழுவுக்கு, இதையே படமாக எடுத்தால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பு. கேமராவும் படத்தொகுப்பு மென்பொருளும் கைக்கு எட்டும் இக்காலத்தில் அந்த எண்ணத்தைச் செயலாக்குவது பெரிய காரியமும் இல்லை. மேடையில் கைதட்டல் வாங்கிய பாட்டு திரையில் ஏன் இழுவையாகத் தெரிகிறது என்பதைப் படம் முடிந்த பிறகு வியக்காமல், திரைக்கதை எழுதும்போதே கண்டுகொள்வதுதான் கடினம்.

காரணம் எளியது. மேடையில் பாடுகிறவர் கதையில் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாலும், பாட்டு தொடங்கியதும் அரங்கத்தை நோக்கித் திரும்பிவிடுகிறார். பாட்டைக் கேட்பவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவே அது பாடப்படுகிறது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கேமரா நடுவில் வந்ததும் அந்த ஒப்பந்தம் முறிந்துவிடுகிறது. எதிரே ஆள் இல்லாத ஒரு வீட்டுக்குள்ளோ தெருவிலோ நின்று பாத்திரம் பாடும்போது, இதை யார் கேட்கிறார் என்ற கேள்வி பார்வையாளரின் மனத்தில் சொல்லாமலே எழுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் அந்தக் கேள்விக்கு ஒரு விடையைக் கண்டுபிடிப்பதே தழுவல் வேலையின் பெரும்பகுதி. மற்றவை, அதாவது நீளம், இடம், நடனம், ஒலி எல்லாம், அந்த விடையிலிருந்து பிறப்பவை.

இந்த ஊருக்கு இது புதிய வேலையும் அன்று. 1931 மார்ச் 14 அன்று கிர்காவ் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியான 'ஆலம் ஆரா', ஜோசப் டேவிட் எழுதிய பார்சி நாடகத்தைத் தழுவியது. அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியின் நிறுவனம்தான், அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' என்ற முதல் தமிழ்ப் பேசும்படத்தையும் பம்பாயில் எடுத்தது. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1932-இல் வந்த 'இந்திரசபா'வில் சுமார் 70 பாடல்கள் இருந்தன. 1934-இல், மேடையில் பெயர்பெற்ற 'பவளக்கொடி' ஏறத்தாழ 50 பாடல்களோடு எம். கே. தியாகராஜ பாகவதரின் முதல் படமாயிற்று. அக்காலத்துப் படங்களில் கேமரா பெரும்பாலும் அரங்கின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் இடத்திலேயே நின்றது. கதையும் மெட்டும் முன்பே தெரிந்த கூட்டம் பாட்டைக் கேட்கவே வந்தது. ஆகவே, யார் கேட்கிறார் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

இன்றைய தமிழ்ப் பார்வையாளரின் சிக்கல் வேறு வகையானது. மேலை நாட்டுப் பார்வையாளர்களைப் போல, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பாடுவதைக் கண்டு அவர் கூச்சப்படுவதில்லை. பாட்டு அவருக்குப் பழக்கமானது. ஆனால் படத்திலுள்ள பாட்டு கதையை நிறுத்திவைத்துவிட்டு வேறெங்கோ போய்வரும் என்பதும் அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. இசை நாடகத்திலோ முடிவுகள் எடுக்கப்படுவதும், பொய்கள் வெளிப்படுவதும், மனங்கள் மாறுவதும் பாட்டுக்குள்ளேதான். வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தவருக்குக் கதையின் பாதி போய்விடும். ஆகவே முதல் பாட்டிலேயே, அதன் முதல் சரணம் முடிவதற்குள், கதையில் ஏதாவது ஒன்று மாறிவிட வேண்டும். இந்தப் படத்தில் பாட்டின்போது எழுந்து போகக்கூடாது என்பதை அவர் அங்கேயே தெரிந்துகொள்வார்.

உரிமைகள்

எழுதத் தொடங்குமுன் எழுத்துப்பூர்வமாக முடிக்க வேண்டியது இது. இசை நாடகம் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரே பொருளாக இருப்பதில்லை. வசனமும் கதையும் நாடகப் படைப்பு, பாட்டின் வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு. நடன அமைப்பும் எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருந்தால் நாடகப் படைப்பின் வரையறைக்குள் வரும். அமெச்சூர் குழுக்களில் இவையெல்லாம் நண்பர்கள் சேர்ந்து உருவாக்கியவை என்பதால், யாரிடமும் யாரும் காகிதம் வாங்கியிருக்கமாட்டார்கள். படம் என்ற பேச்சு எழுந்த வாரத்திலேயே நாடகாசிரியர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், நடன அமைப்பாளர் ஆகியோரிடம் தனித்தனி ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது கேட்பதுதான் எளிது.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு இங்கே மிக முக்கியமானது. உரிமையை எழுதித் தரும்போது கால அளவைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடும். பணம் சேர்த்துப் படம் எடுப்பதற்குள் ஓராண்டு ஓடிவிடுவது வழக்கம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் படத்தைக் காட்டும் ஆசையும் எல்லோருக்கும் உண்டு. ஆகவே மூன்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் படைப்பு திரையரங்கத்தில் படத்தோடு அல்லாமல் வேறு வழிகளில் பயன்படும்போது கிடைக்கும் உரிமத்தொகையில் சமபங்கை விட்டுக்கொடுக்க இயலாது என்பதையும் தயாரிப்பாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பழைய நாடகங்களில் இந்தச் சுமை குறைவு. ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் கழிந்ததும் பதிப்புரிமை முடிந்துவிடும் என்பதால், 1922-இல் மறைந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் எழுத்து எவருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் பின்னாளில் ஒருவர் புதிதாகச் சேர்த்த வரிகளுக்கும் அமைத்த மெட்டுக்கும் தனி உரிமை உண்டு. பழைய பாட்டு என்று நினைத்து அவற்றையும் சேர்த்து எடுத்துவிடக்கூடாது.

பாட்டுப் பட்டியலிலிருந்து தொடங்குதல்

திரைக்கதையைக் காட்சி வரிசையிலிருந்து தொடங்குவதுதான் பலரின் பழக்கம். இசை நாடகத்துக்கு அது பொருந்தாது. முதலில் பாட்டுகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பாடுவது யார், கதைக்குள் அதைக் கேட்பது யார், பாட்டு முடியும்போது தொடங்கியபோது இல்லாத எது நிகழ்ந்திருக்கிறது. மாதிரிக்கு ஒரு கற்பனை நாடகத்தை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்து, விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் அனுப்பிவைக்கும் ஒரு தாய். பாடகியாக வேண்டும் என்று நினைக்கும் அவள் மகள். நடுநடுவே வந்து கதை சொல்லும் கட்டியக்காரன். கட்டியக்காரனின் வரவுப் பாட்டு, விடியற்காலை அடுப்படிப் பாட்டு, ஊருக்குக் கடிதம் எழுதும் பாட்டு, தாயும் மகளும் மோதும் தர்க்கப் பாட்டு, ரயில் நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் முடிவுப் பாட்டு என்று இதில் பெரிய பாட்டுகள் ஐந்து என்று கொள்வோம். சிறியவை ஏழெட்டு இருக்கும்.

மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் பாட்டுகள் முதலில் கண்ணில் படும். அவற்றுள் சில, பின்னால் படுதாவை மாற்றுவதற்கும் நடிகர் உடை மாற்றுவதற்கும் நேரம் கொடுக்கவே எழுதப்பட்டவை; திரையில் ஒரு வெட்டில் அது நடந்துவிடுவதால் அவற்றைத் தயங்காமல் நீக்கலாம். வேறு சில 'ஒன்ஸ் மோர்' வாங்குவதற்காக வைக்கப்பட்டவை. இவற்றை நீக்கும்போது குழுவில் மனக்கசப்பு வரும். அந்தப் பாட்டில்தான் யாரோ ஒருவர் பெயர் வாங்கியிருப்பார். என் கருத்தில், அத்தகைய பாட்டை முழுவதும் எறிந்துவிடாமல், அதன் மெட்டைப் பின்னணி இசையில் ஓடவிடுவது கலைக்கும் நட்புக்கும் ஒருசேர நல்லது.

இரண்டாவது கட்டம்தான் உண்மையான வேலை. பெரும்பாலான பாட்டுகளுக்கு எதிரே 'அரங்கம்' என்றுதான் எழுத வரும். அதை அழித்துவிட்டு வேறொருவரை எழுத வேண்டும். உலகில் நன்றாக அமைந்த தழுவல்கள் இதை எப்படிச் செய்தன என்று பார்ப்பது உதவும். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1959-இல் மேடையேறியபோது, பிடித்த பொருள்களை அடுக்கிப் பாடும் பாட்டை மரியா கன்னிமடத்தில் தலைமை அன்னையோடு சேர்ந்து பாடினாள். 1965-இல் வந்த படத்தில் அதே பாட்டை, இடி மின்னலுக்குப் பயந்து அவள் கட்டிலில் வந்து ஒண்டிக்கொண்ட குழந்தைகளுக்குப் பாடுகிறாள். மெட்டு மாறவில்லை; கேட்பவர்கள் மாறியதும் அது அச்சத்தைப் போக்கும் பாட்டாகவும், குழந்தைகள் அவளை ஏற்றுக்கொள்ளும் கட்டமாகவும் ஆகிவிட்டது. நாடகத்தைப் படமாக்க விரும்புகிற எவரும் இந்த ஓர் இடமாற்றத்தைப் பலமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1972-இல் வந்த 'காபரே' மிகக் கறாரான வழியைத் தேர்ந்தது. மேடையில் பாத்திரங்கள் வீட்டிலும் பாடினார்கள். படத்திலோ ஒன்றைத் தவிர ஏனைய பாட்டுகள் எல்லாம் இரவு விடுதியின் மேடைக்குள் அடைக்கப்பட்டன. கேட்பவர்கள் விடுதிக்கு வந்த வாடிக்கையாளர்கள். வெளியே ஒலிக்கும் அந்த ஒரே பாட்டு ஒரு பீர் தோட்டத்தில் இளைஞன் ஒருவன் தொடங்க, உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்துகொள்ளும் நாஜிப் பாட்டு. மற்றவை அடைக்கப்பட்டிருந்ததால்தான் அது அவ்வளவு அச்சமூட்டுகிறது. 2002-இல் வந்த 'சிகாகோ'வில் பாட்டுகள் நாயகியின் கற்பனைக்குள் நடக்கின்றன, கேட்பவள் அவளே. மராத்தியில், 1967-இல் மேடையேறிய 'கட்யார் காளஜாத் குஸலி' 2015-இல் சுபோத் பாவேயின் இயக்கத்தில் படமானபோது இச்சிக்கலே பெரிதாக எழவில்லை, ஏனெனில் அதன் பாத்திரங்கள் சங்கீத வித்வான்கள். அவர்கள் பாடுவதும் பிறர் கேட்பதும் கதையே. ஜிதேந்திர அபிஷேகியின் மூல மெட்டுகளோடு சங்கர் எஹ்சான் லாய் என்ற இசையமைப்பாளர் மூவர் புதிய பாட்டுகளையும் சேர்த்தார்கள்; நம் செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் பாடியதோடு ஒரு முக்கிய வேடத்திலும் நடித்தார். ரசிகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டுகளைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நாடகத்தில் இல்லாத கட்டங்களுக்கு மட்டும் புதியவற்றை எழுதுவது, நாடகம் ஏற்கனவே புகழ்பெற்றிருந்தால் பின்பற்றத்தக்க வழி.

நம் தாராவி நாடகத்துக்கு வருவோம். கடிதப் பாட்டை மேடையில் தாய் விளக்கொளியில் தனியே நின்று பாடியிருப்பாள். படத்தில் அவளுக்கு எழுதத் தெரியாது என்று வைத்து, அவள் பாடப் பாட மகள் எழுதுகிறாள் என்று மாற்றினால், தன்னைப் பற்றித் தாய் ஊருக்கு என்ன சொல்கிறாள் என்பதை மகள் கேட்க நேர்கிறது. அடுத்து வரும் தர்க்கப் பாட்டுக்குக் காரணமும் அங்கேயே கிடைத்துவிடுகிறது. தர்க்கப் பாட்டைப் பொறுத்தவரை நமக்குப் பெரிய மரபு உண்டு. வள்ளி திருமணத்தில் வேடனாக வந்த முருகனும் வள்ளியும் பாட்டுக்குப் பாட்டு மடக்கிக்கொள்வதைக் கேட்கவே விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள் நம் முன்னோர். ஒருவர் பாட மற்றவர் கேட்டுப் பதில் சொல்வதால், இவ்வகைப் பாட்டு திரைக்கு மாற்றப்படும்போது மிகக் குறைவாகவே சேதமடைகிறது. சந்தேகம் வந்தால் தனிப்பாட்டைத் தர்க்கமாக மாற்றிப் பாருங்கள்.

பாட்டுகளின் வரிசையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். 1961-இல் வந்த 'வெஸ்ட் சைடு ஸ்டோரி', மேடையில் கொலைகளுக்குப் பின் வந்த நகைச்சுவைப் பாட்டை முன்னே கொண்டுவந்து, முன்னே இருந்த இறுக்கமான பாட்டைப் பின்னே தள்ளியது. மேடையில் சாவுக்குப் பின் கொஞ்சம் சிரிக்கவைப்பது பார்வையாளருக்கு இளைப்பாறுதல். திரையில் அண்மைக்காட்சியில் இரத்தத்தைப் பார்த்துவிட்டவரைச் சிரிக்கச் சொல்வது கடினம். நீளம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டரை மணி நேர நாடகத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவரப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற திரைக்கதைக் கணக்கு பாட்டுக்குப் பொருந்தாது என்பதால், பாட்டுகளைக் கடிகாரம் வைத்து அளந்து தனியே கூட்டிக்கொள்ளுங்கள்.

கட்டியக்காரனை என்ன செய்வது

தமிழ் இசை நாடகங்களில் தழுவலுக்கு மிகவும் முரண்டு பிடிப்பவன் இவன்தான். அரங்கத்தோடு நேரே பேசுவதே அவன் தொழில்; அரங்கம் போய்விட்டால் அவனுக்கு வேலையில்லை. பலர் அவனைப் பின்னணிக் குரலாக மாற்றிவிடுகிறார்கள். அது மிக மலிவான தீர்வு என்பது என் எண்ணம், ஏனெனில் கட்டியக்காரனின் சுவை அவன் சொல்வதில் பாதியும், சொல்லிவிட்டு அவன் உடல் நிற்கும் விதத்தில் பாதியுமாக இருக்கிறது. இரண்டாவது வழி, அவனைக் கதைக்குள் ஓர் ஆளாக ஆக்குவது: எல்லா வீட்டுக்கும் போகிற, எல்லோர் கதையும் தெரிந்த இட்லி சைக்கிள்காரனாகவோ சந்தில் கடை வைத்திருப்பவனாகவோ அவன் வரலாம். இதில் அவனுடைய கேலிக்குக் கேட்பவர்கள் கிடைக்கிறார்கள், ஆனால் காலத்தைத் தாண்டிப் பேசும் உரிமை போய்விடுகிறது.

மூன்றாவது வழி கேமராவை நேரே பார்த்துப் பேசவிடுவது. இதைத் தேர்ந்தால் ஒரு விதியைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்: படத்தில் கேமராவைப் பார்க்கும் உரிமை அவன் ஒருவனுக்கே. மகளோ தாயோ ஒரு தடவை கண் தவறிக் கேமராவைப் பார்த்தாலும் அவனது தனித்தன்மை கலைந்துவிடும். அந்த விதியைப் படத்தில் ஒரே ஒரு முறை, மிக வலுவான இடத்தில், மகள் மீறுவதாக எழுதும் துணிவு இருந்தால் எழுதலாம்.

இடமும் உடலும்

மேடையில் நான்கு பலகையும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் போதும், அது தாராவி என்று எல்லோரும் நம்புவார்கள். கேமரா அந்தச் சலுகையைத் தருவதில்லை. உண்மையான சந்தில் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கவே இடம் போதாத நிலையில், மேடையில் இருபது பேர் ஆடிய அடுப்படிப் பாட்டை அங்கே கொண்டுபோக முடியாது. அரங்க அமைப்பில் அந்தச் சந்து அகலமாகக் கட்டப்பட்டால் பொய் பளிச்சென்று தெரியும். ஆகவே கூட்டத்தைக் குறைத்து வேலையைக் கூட்டுங்கள். மேடையில் அபிநயமாக இருந்த மாவு கரைப்பதும், துணி விரிப்பதும், தட்டு அடுக்குவதும் இப்போது உண்மையான சமையல் சாமான்களோடு நடக்கின்றன; அவற்றின் ஓசையே தாளமாகலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி ஒரு வரியைப் பாட, கேமரா வாசலுக்கு வாசல் நகர்ந்தால், மேடையில் கோஷ்டியாக நின்றவர்கள் திரையில் ஒரு தெருவாகிவிடுவார்கள்.

பல நாள் கதையை ஒரே பாட்டுக்குள் அடக்குவது திரைக்கு மட்டுமே உள்ள வசதி. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் ஸ்வரம் சொல்லிக்கொடுக்கும் பாட்டு மேடையில் ஒரே அறையில் நடந்தது. படத்தில் அது ஊரெங்கும், பல நாட்களில், பல உடைகளில் நடந்து முடிகிறது. நம் நாடகத்தில் சைக்கிளில் போகும் இட்லியின் விற்பனை வளர்வதை வசனத்தில் சொல்லியிருந்தால், அதை அடுப்படிப் பாட்டின் இரண்டாம் சரணத்துக்குள் காட்டிவிடலாம்.

நடிகர்களின் உடல்மொழியை மாற்றுவதற்கு நேரம் ஒதுக்குங்கள். சண்முகானந்தா அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டும்படி கையை வீசிப் பழகியவரின் முகம் அண்மைக்காட்சியில் மிகையாகத் தோன்றும். வெறுமனே குறைத்து நடியுங்கள் என்று சொல்வதால் பயனில்லை. அவர்கள் சோர்ந்து நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். எதிரில் கேட்பவரை உட்காரவைத்து, அவர் கண்ணைப் பார்த்து, அவருக்கு மட்டும் எட்டும் அளவில் பாடச் சொல்லுங்கள். அளவு தானாகவே சரியாகிவிடும். நாடகத்தின் ஒரு காட்சியை மூன்று கோணங்களில் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்துக்கொண்டால், நடனத்தில் எங்கே முழு உடலும் தெரிய வேண்டும், எங்கே முகம் போதும் என்று படத்தொகுப்பாளரோடு உட்கார்ந்து முன்பே தீர்மானிக்கலாம். அடிக்கு ஒரு வெட்டு என்று வெட்டித் தள்ளினால் ஆடுகிறவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒலி

சுருதியிலிருந்து தொடங்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் எஸ். ஜி. கிட்டப்பா போன்ற நாடக நடிகர்கள் உச்ச சுருதியில் பாடியதற்குக் கலைக்காரணமும் உண்டு, கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்ற காரணமும் உண்டு. அந்தப் பழக்கத்தின் எச்சம் இன்றும் மேடைப் பாட்டுகளில் இருக்கிறது. திரையில், பேசிக்கொண்டிருந்த குரல் இரண்டு கட்டை ஏறிப் பாடத் தொடங்கினால் வேறு ஆள் பாடுவதாகவே காது நினைக்கும். பாத்திரம் பேசும் குரலின் உயரத்தைக் கண்டறிந்து, பல்லவியின் முதல் அடி அங்கிருந்தே எழும்படி சுருதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீண்ட முன்னிசையையும் நீக்கிவிடலாம்; மேடையில் அது பாட்டு வரப்போகிறது என்ற அறிவிப்பு. மாறாக, குக்கர் விசிலோ தண்டவாள ஓசையோ முதலில் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, குரல் அதன்மேல் ஏறட்டும். கைதட்டலுக்காக விடப்பட்ட இடைவெளிகளை மறவாமல் மூடிவிடுங்கள்.

பாட்டை முன்பே ஒலிப்பதிவு செய்து படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு வாயசைப்பதா, அங்கேயே பாடிப் பதிவு செய்வதா என்பது அடுத்த முடிவு. 2012-இல் வந்த 'லே மிசராப்ள்' படத்தில் நடிகர்கள் காதில் மறைத்த சிறு கருவியில் பியானோவை மட்டும் கேட்டபடி படப்பிடிப்பிலேயே பாடினார்கள். வாத்தியக்குழு பின்னர் சேர்க்கப்பட்டது. இதனால் நடிகர் விம்மி நிறுத்தினால் இசையும் அவருக்காகக் காத்திருக்க முடிந்தது. விருத்தத்துக்கு இந்த முறையே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. தாளக்கட்டு இல்லாமல், சொல்லின் எடைக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் போகும் விருத்தத்தை, மூன்று மாதத்துக்கு முன் ஸ்டுடியோவில் பாடியபடியே வாயசைக்கச் சொல்வது நடிகரைக் கட்டிப்போடுவதாகும். 1964-இல் வந்த 'மை ஃபேர் லேடி'யில் ரெக்ஸ் ஹாரிசன் தன் பாட்டுகளை இரு தடவை ஒரே மாதிரி பாடுவதில்லை என்பதற்காகவே கழுத்துப்பட்டையில் கம்பியில்லா ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்டு, அவர் நேரடியாகப் பாடினார். நடனத்தோடு கூடிய கோஷ்டிப் பாட்டுகளை மட்டும் முன்பதிவு முறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்கொண்டே பாடுகிறவரின் மூச்சிரைப்பை யாரும் கேட்க விரும்புவதில்லை.

முன்பதிவு செய்யும் பாட்டுகளுக்குத் தொழில்நுட்ப எச்சரிக்கைகள் சில உண்டு. கேமராவும் தொகுப்பு மென்பொருளும் வெளியீடும் ஒரே பிரேம் வேகத்தில், அதாவது விநாடிக்கு இத்தனை படம் என்ற ஒரே கணக்கில், இருக்க வேண்டும். 25 பிரேமில் எடுத்த பாட்டை 24-இல் ஓட்டினால் வேகம் 4 விழுக்காடு குறைந்து, சுருதியும் ஒரு ஸ்வரஸ்தானத்தின் பெரும்பகுதி அளவுக்கு இறங்கிவிடும். மெதுநகர்வில் வாயசைவு பொருந்த வேண்டுமானால், 24-இல் ஓடும் படத்துக்கு 48 பிரேமில் எடுக்கும்போது பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு நடிகர் அந்த வேகத்தில் பாட வேண்டும். பாட்டின் தொடக்கத்தில் தாளத் தட்டுகளைச் சேர்த்துப் பதிவு செய்தால் எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். வாயை மட்டும் அசைக்காமல் உரக்கப் பாடியே நடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொண்டை நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டுடியோவின் அடைத்த அறையில் பதிவான குரலும் தகரக் கூரைக்குக் கீழே பேசிய வசனமும் ஒட்டாமல் நிற்பதுதான் சிறு படங்களில் அடிக்கடி காணும் குறை. படப்பிடிப்பு நடந்த அறையின் வெற்று ஓசையை ஒரு நிமிடமாவது பதிவு செய்துவந்து கலவையில் பாட்டின் அடியிலும் ஓடவிடுங்கள்.

மேடையில் பாடி நடித்தவர் சுருதி தவறாதவர் என்றால், பெயர்பெற்ற பின்னணிப் பாடகரைத் தேடிப் போகாதீர்கள்.

மும்பையில் படப்பிடிப்பு

'ஆலம் ஆரா' எடுத்த ஸ்டுடியோவுக்கு அருகே ரயில் ஓடியதால், வண்டிகள் நின்ற பின்னிரவில்தான் பாட்டையும் வசனத்தையும் பதிவு செய்தார்கள். இந்த ஊரில் நேரடி ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறவருக்கு இன்றும் அதுவே நிலை. சயான், மாதுங்கா, தாராவி எல்லாமே தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கின்றன. நேரடியாகப் பாடும் காட்சிகளைப் பின்னிரவுக்கோ உள்ளரங்குக்கோ ஒதுக்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரையில் விழும் மழைச்சத்தம் எந்த ஒலிவாங்கியையும் தோற்கடிக்கும். மழை ஓய்வதற்குள் விநாயகர் சதுர்த்தியின் மேளம் தொடங்கிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் வசதியானது.

பொது இடங்களுக்கான அனுமதியை மாநில அரசின் ஒற்றைச்சாளர முறையில் பெறலாம். கோரேகாவ் பிலிம் சிட்டியை நடத்தும் கழகம்தான் அதையும் கவனிக்கிறது. ரயில் நிலையத்துக்கு அது போதாது, ரயில்வேயிடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். நம் நாடகத்தின் முடிவுப் பாட்டு ரயில் நிலையத்தில் என்பதால், செலவைக் கேட்டறிந்த பிறகு அது பேருந்து நிறுத்தத்துக்கு மாறிவிடவும் கூடும். நாடகத்துக்காக மாநில நாடகத் தணிக்கைக் குழுவிடம் வாங்கிய சான்றிதழ் படத்துக்குச் செல்லாது. திரையரங்கில் காட்ட மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்திடம் புதிதாகச் சான்று பெற வேண்டும். கால்ஷீட் போடும்போது, நடனப் பாட்டு ஒன்றை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்கிடாதீர்கள். ஒத்திகையை முன்பே முடித்துவைத்தாலும் இரண்டு நாளாவது பிடிக்கும்.

முதல் தொகுப்பு தயாரானதும், நாடகத்தைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். முதல் வகையினர் எந்தப் பாட்டைக் காணவில்லை என்று கேட்பார்கள். அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டால் போதும். இரண்டாம் வகையினரிடம், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கதையில் என்ன மாறியது என்று ஒரு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியதை உங்கள் பட்டியலின் மூன்றாவது கட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாத பாட்டுகளை மட்டும் மறுபடி தொகுக்க உட்காருங்கள்.

மும்பையில் காட்டும் தமிழ்ப் படத்துக்கு மராத்தியிலோ ஹிந்தியிலோ துணைவரி தேவைப்படும். பாட்டின் துணைவரியை வசனத்துக்கு எழுதியவரிடமே கொடுக்காமல், அம்மொழியில் பாட்டு எழுதிப் பழகியவரிடம் கொடுங்கள். விருத்தத்தில் ஒரு சொல்லைப் பாடகர் இருபது விநாடி இழுக்கும்போது முழு அடியின் பொருளும் கீழே முன்கூட்டியே தோன்றிவிட்டால், அவர் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் பார்வையாளர் அதை வாசித்து முடித்திருப்பார். துணைவரியையும் அடியின் பாதியில் உடைத்து, குரல் அந்தச் சொல்லைத் தொடும் விநாடியிலேயே மறுபாதி தோன்றும்படி வைக்கச் சொல்லுங்கள்.